கடனை அடைத்த இரண்டாவது மகள்

நம் கிளப் ஹவுஸ் புத்தக அலமாரியில் யாரோ வைத்துவிட்டுப் போன 'லிட்டில் விமன்' நாவலை அறுபத்து நான்கு வயதில் முதல் தடவையாகப் படித்தேன். நான்கு அக்கா தங்கைகள், அம்மா, போருக்குப் போன அப்பா. பணத்துக்குத்தான் பஞ்சம், சிரிப்புக்கு இல்லை. முடித்ததும், எழுதிய லூயிசா மே ஆல்காட் யார் என்று தேடினேன். பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவள் நான். வரவு செலவு எங்கே இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

லூயிசா 1832-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தார். நான்கு பெண்களில் இரண்டாவது. அப்பா பிரான்சன் பெரிய சிந்தனையாளர், எமர்சனின் நண்பர். பாஸ்டனில் தன் பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்தியபோதும் அவளை அனுப்பவில்லை. தங்கமான மனிதர், சம்பாத்தியம்தான் கிடையாது. 1843-ல் குடும்பத்தோடு ஒரு பண்ணைக்குப் போனார். அங்கே இறைச்சி, பால் கூடாது. அடிமைகள் விளைவித்த பருத்தியும் கூடாது. ஏழே மாதத்தில், கடுங்குளிரில், வெறுங்கையோடு வெளியேறினார்கள். லூயிசாவுக்கு அப்போது பதினொரு வயது.

பிறகு தையல், டியூஷன், அடுத்த வீட்டு வேலை என்று எல்லாம் செய்தார். புனைபெயரில் மர்மக் கதைகளும் எழுதினார். நாவலில் போருக்குப் போவது அப்பா. நிஜத்தில் போனது மகள். 1862-ல் உள்நாட்டுப் போரின்போது நர்ஸாகப் போய், சில வாரங்களிலேயே டைபாய்டில் விழுந்தார். அன்றைய வழக்கப்படி பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். பழைய உடம்பு அதன்பின் திரும்பவே இல்லை.

1868-ல் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ், பெண் குழந்தைகளுக்கு ஒரு கதை கேட்டார். லூயிசாவுக்கு விருப்பமில்லை. இருந்தாலும் தன் வீட்டுக் கதையையே சுமார் பத்து வாரத்தில் எழுதிக் கொடுத்தார். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள்வதா, ராயல்டியா என்ற கேள்வி வந்தது. பதிப்புரிமையை விடாதீர்கள் என்று நைல்ஸே சொன்னாராம். கையில் காசில்லாத வீட்டில் மொத்தத் தொகையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை துணிச்சல் வேண்டும்!

புத்தகம் ஓடியது. நாற்பது வயதுக்குள் குடும்பக் கடன் முழுவதையும் அடைத்தார். காலவரம்பு தாண்டி, சட்டப்படி யாரும் கேட்க முடியாத கடன்களைக்கூட விடவில்லை. நான் வங்கியில் இருந்த முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒருவரும் கவுன்டருக்கு வந்ததில்லை.

கதையில் ஜோ கல்யாணம் செய்துகொள்கிறாள், லூயிசா செய்துகொள்ளவில்லை. கடைசித் தங்கை மே பாரிஸில் ஓவியம் படிக்கப் பணம் அனுப்பினார். 1879-ல் மே பிரசவித்த சில வாரங்களில் இறந்தபோது, அந்தக் குழந்தையையும் வாங்கி வளர்த்தார். வலது கை மரத்துப்போனபோது இடது கையால் எழுதப் பழகினார். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. என் முதல் எட்டு வருடச் சம்பளமும் தங்கைகள் கல்யாணத்துக்குத்தான் போனது. கொடுத்ததில் வருத்தமில்லை. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

1887-ல் அக்கா மகனைச் சட்டப்படி தத்தெடுத்தார். தன் காலத்துக்குப் பிறகும் பதிப்புரிமை குடும்பத்துக்கே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. நாமினேஷன் போடாமலே இருக்கும் நம் ஆட்களை நினைத்துக்கொண்டேன். அடுத்த மார்ச்சில் அப்பா இறந்தார். இரண்டே நாளில் லூயிசாவும் போனார், ஐம்பத்தைந்து வயதில்.

புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்திருக்கிறேன். எழுத்து பொடி. கண்ணாடியோடு வாருங்கள்.