ஏமி ஜான்சன்

ஏமி ஜான்சன் (ஜூலை 1, 1903 – ஜனவரி 5, 1941) இங்கிலாந்தைச் சேர்ந்த புகழ்பெற்ற விமானி ஆவார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண் இவரே.

இளமைக் காலம்

ஹல் நகரில் பிறந்த இவர், ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். இலண்டனில் வழக்கறிஞர் ஒருவரிடம் செயலாளராகப் பணியாற்றியபோது விமானம் ஓட்டக் கற்றார். 1929 இல் விமானி உரிமமும், தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். பின்னதைப் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் இவராவார்.

ஆஸ்திரேலியப் பயணம்

1930 மே 5 அன்று குராய்டன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். "ஜேசன்" எனப் பெயரிடப்பட்ட இவரது விமானம் ஜிப்சி மாத் வகையைச் சேர்ந்தது. இரட்டை இறக்கைகள் கொண்ட இச்சிறு விமானத்தின் முன்புறம் இரு சக்கரங்களும் வாலில் ஒரு சறுக்குக் கட்டையும் இருந்தன. இவ்வகை விமானங்களில் எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்துள்ளது. எனவே தரையிறங்கும்போது பக்கக்காற்று வாலைத் தள்ளினால் விமானம் சுழன்று திரும்பிவிடக்கூடும். எடை குறைவு என்பதால், நிற்கும் விமானத்தையும் பலத்த காற்று புரட்டிவிட வல்லது.

பாக்தாத்தை நெருங்குகையில் மணற்புயல் வீசியதால் ஏமி பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. பயணப் பொதிகளைச் சக்கரங்களுக்கு அண்டையாக வைத்து, வாலின் மீது அமர்ந்து விமானத்தைக் காத்தார். புயல் தணிந்த பின்னரே மீண்டும் பறந்தார்.

ஆறாம் நாளில் கராச்சியை அடைந்து, இந்தியா வரையிலான பெர்ட் ஹிங்க்லரின் சாதனையை இரு நாட்களால் முறியடித்தார். ஆனால் ரங்கூன் அருகே இன்செயினில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கியபோது விமானம் பள்ளத்தில் விழுந்து சேதமடைந்தது. அதைச் சீர்செய்வதில் நாட்கள் கழிந்தன. ஹிங்க்லர் 1928 இல் சுமார் 16 நாட்களில் ஆஸ்திரேலியாவை அடைந்திருந்தார். ஏமி மே 24 அன்று, 20ஆம் நாளில் டார்வினை அடைந்ததால் அச்சாதனை கைகூடவில்லை. மே 29 அன்று பிரிஸ்பேனில் இறங்குகையில் திடலைத் தாண்டிச் சென்று விமானம் கவிழ்ந்தது. ஏமி காயமின்றித் தப்பினார்.

மறைவு

1940 இல் வான் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5 அன்று மோசமான வானிலையில் ஆக்ஸ்போர்டு வகை விமானம் ஒன்றை ஓட்டிச் சென்றபோது தேம்சு கழிமுகத்தில் விழுந்து மறைந்தார். இவரைக் காப்பாற்ற நீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. ஜேசன் விமானம் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.