கார்ல் சுவார்சுசில்டு

செர்மனி நாட்டின் பிராங்க்பர்ட்டு நகரில், 1873-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள், யூத வணிகர் ஒருவரின் மூத்த மகனாய்ப் பிறந்தவர் கார்ல் சுவார்சுசில்டு. பள்ளிப் பருவத்திலேயே சிறியதொரு தொலைநோக்கியைத் தம் கையாற் செய்து வானை நோக்கி மகிழ்ந்தார். ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களின் பாதையை ஆராய்ந்து, 16-ஆம் வயதிலேயே கட்டுரைகள் வெளியிட்டார். 1896-இல் முனைவர் பட்டம் பெற்றார். 1901-இல் காட்டிங்கன் வானாய்வுக் கூடத்திற்கும், 1909-இல் பாட்சுடாம் வானாய்வுக் கூடத்திற்கும் தலைவரானார்.

1914-இல் உலகப் போர் மூண்டது. 40 வயது கடந்திருந்தும் அவர் தாமே விரும்பிப் படையிற் சேர்ந்தார். 1915 நவம்பரில் ஐன்சுடைன் தம் பொதுச் சார்பியல் கொள்கையை வெளியிட்டார். அதன் சமன்பாடுகளுக்குத் துல்லியமான விடை காண்டல் எளிதன்று. போர்முனையில், பீரங்கி முழக்கத்திடையே, சில வாரங்களிலேயே அவ்விடையைக் கண்டு ஐன்சுடைனுக்கு எழுதினார் சுவார்சுசில்டு. அங்கேயே கொடிய தோல்நோய் அவரைப் பற்றியது. நோயின் வேதனையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 1916 மே 11-ஆம் நாள், தம் 42-ஆம் வயதில் மறைந்தார்.

கதிரவனின் பொருள் முழுவதும் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டைக்குள் ஒடுங்குமாயின், ஒளியும் அதனின்று தப்பாது என்பது அவ்விடையின் வழியே பின்னாளில் விளங்கிற்று. அத்தகைய பொருளே கருந்துளை எனப்படுவது.

அவர் இளமையில் ஆராய்ந்த விண்மீன் பாதையும், இறுதியிற் கண்ட விடையும் இன்று ஓரிடத்தே கூடுகின்றன. மூன்று விண்மீன்கள் ஒரு குடும்பமாய் இயங்குதலும் உண்டு. அவற்றுள் நெருங்கிய இரண்டும் எரிபொருள் தீர்ந்து கருந்துளைகளாயின எனக் கொள்வோம். தொலைவிற் சுற்றும் மூன்றாவது விண்மீனின் பாதை மிகச் சாய்ந்திருப்பின், அதன் ஈர்ப்பு நெடுங்காலம் இழுத்திழுத்து அவ்விரண்டின் வட்டப் பாதையை நீள்வட்டமாக்கும். அவை மிக நெருங்குந்தோறும் ஈர்ப்பு அலைகள் எழுந்து ஆற்றலைக் கவர்ந்து செல்லும், பாதை சுருங்கும், முடிவில் இரண்டும் ஒன்றாகும். கருந்துளைகள் இணையும் வழிகளுள் இஃதும் ஒன்றென அறிஞர் கருதுவர்.

இரு கருந்துளைகள் இணைந்தெழுப்பிய ஈர்ப்பு அலையை மனிதன் முதன்முதல் உணர்ந்த நாள் 2015 செப்டம்பர் 14. சுவார்சுசில்டு விடை கண்டு அப்பொழுது நூறாண்டு நிரம்பும் தறுவாயில் இருந்தது. போர் அவர் உயிரைக் கொண்டது. அவர் கண்ட உண்மையைக் கொள்ள அதனால் இயலவில்லை.