யார் இந்த டாக்டர் மேரி வர்கீஸ்? நடக்க வைப்பதற்கு முன்னால் சிறுநீர்ப்பையைக் கவனிக்கும் மருத்துவம், வேலூருக்கு வந்த கதை

பிசியோதெரபி படிச்சு முடிச்சு, முதல் வேலைக்கு வால்பாறை போறீங்கன்னு வைச்சுக்குவோம். ஆழியாறு பக்கமிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, அதுக்கப்புறம் எஸ்டேட் ரோட்டில் குலுங்கிக்கிட்டே போனால் ஒரு லைன் வீடு. உள்ளே கட்டிலில் ஒருவர். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. எப்போ நடப்பார் என்பதுதான் வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நீங்க முதலில் கேட்க வேண்டியது வேற. யூரின் எப்படிப் போகுது? மோஷன் எத்தனை நாளைக்கு ஒரு தடவை? முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருக்கா?

புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு இதைக் கேட்க வாயே வராது. எதிரில் இருப்பது வயசில் மூத்த அம்மாவாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஆனால் கேட்காமல் விட்டால் ஆள் பிழைப்பதே சந்தேகமாகிவிடும். இந்தக் கேள்விகளையெல்லாம் சங்கடமில்லாமல் கேட்கக்கூடிய ஓர் இடத்தை இந்தியாவில் முதலில் உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவரே இடுப்புக்குக் கீழே செயலிழந்து, வீல்சேரில் வாழ்ந்தவர்.

கேரளாவின் கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்தவர் மேரி. வேலூர் சிஎம்சியில் டாக்டருக்குப் படித்தார். ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியாச்சே அது, அங்கே படித்த பல பெண்களைப் போல இவரும் மகப்பேறு, பெண்கள் நல மருத்துவம் பக்கம்தான் போக நினைத்தார். 1954இல், சக டாக்டர்களோடு வெளியே கிளம்பிய வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். தண்டுவடமும் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

நடப்பதை விட முக்கியமா சிறுநீர்ப்பை?

ஆமாம். இந்த இடத்தில் மேரியின் கதையைக் கொஞ்சம் நிறுத்திக்கலாம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் தண்டுவடத்தில் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலானவர்கள் பிழைக்கவில்லை. அவர்களைக் கொன்றது கால் வராதது இல்லை. சிறுநீர்த் தொற்று, அதனால் கெட்டுப்போன கிட்னி, படுக்கைப்புண், இந்த மூன்றும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மேன் என்ற டாக்டர் ஒரு தனி வார்டு தொடங்கினார். நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போடுவது, சிறுநீர்ப்பையைச் சுத்தமாகக் காலி செய்வது, இதையெல்லாம் கண்டிப்பான வழக்கமாக்கினார். ஆட்கள் பிழைத்தார்கள். இன்றைய பாராலிம்பிக்ஸின் தொடக்கமும் அதே மருத்துவமனை வளாகத்தில், 1948இல் நடந்த போட்டிதான்.

சிறுநீர்ப்பைக்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கும் உத்தரவு கொடுக்கும் நரம்புகள் தண்டுவடத்தின் அடி நுனியிலிருந்து வருகின்றன. அடி அதற்கு மேலே பட்டிருந்தால், பை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கும். வாசலில் இருக்கும் தசையோ திறக்காது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் கிட்னியை நோக்கித் திரும்பும். அந்த நுனியிலேயே அடி பட்டிருந்தால் கதை தலைகீழ். பை தளர்ந்து, நிரம்பி, வழியும். இதில்தான் வீட்டில் ஏமாந்துபோவாங்க. துணி நனையுது, அப்போ யூரின் போகுதுன்னுதானே நினைப்போம்? உண்மையில் அது நிரம்பிய குடம் வழியறது, காலியாகிற குடம் இல்ல.

இன்னொன்றையும் சொல்லிடணும். நெஞ்சுக்கு மேல் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரெனத் தலைவலி, முகத்தில் வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம் வந்தால், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிரம்பிய பை மட்டுமே இந்த ஆபத்தைக் கொண்டுவரப் போதும். மலை இறங்கிப் பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது.

மேரி விழுந்த 1954இல், இதற்கென்று படுக்கை வசதியோடு ஒரு மறுவாழ்வுத் துறை சிஎம்சியில்கூடக் கிடையாது. பெண்கள் நல டாக்டராக ஆக நினைத்தவர், இப்போது தன் உடம்பையே மற்றவர்கள் கவனிக்க வேண்டிய நிலையில் படுத்திருந்தார்.

கத்தியைப் பிடித்த கை

அங்கிருந்து அவரை வெளியே இழுத்தவர் டாக்டர் பால் பிராண்ட். நம்ம கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்ற யோசனையை மேரியிடம் வைத்தார். மேரி அதைக் கற்றுக்கொண்டு, வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக இந்தக் காட்சியோடு உருகி நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ அடுத்து அவர் எடுத்த முடிவுதான் பெரிசாத் தெரியுது.

நல்ல பெயர் கிடைத்த அறுவை சிகிச்சையிலேயே அவர் இருந்திருக்கலாம். ஆனால் மறுவாழ்வு மருத்துவம் பக்கம் திரும்பினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அவருக்குச் சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தன. பிறகு நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மையத்தில் அந்தத் துறையை முறையாகப் படித்தார். திரும்பி வந்து 1963இல் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் அங்கே திறக்கப்பட்டது. நாட்டிலேயே இப்படி ஒன்று அதுதான் முதல். 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

தங்கிப் பயிற்சி பெறுவது என்றால் என்ன? பிசியோ தினமும் வந்து காலை ஆட்டிவிட்டுப் போவது மட்டும் இல்லை. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, தோலைக் கண்ணாடி வைத்துத் தானே பார்ப்பது, குறிப்பிட்ட நேரத்துக்குச் சிறுநீர்ப்பையைக் காலி செய்வது, சாப்பிட்டதும் குடல் அசையும் நேரத்தைப் பயன்படுத்தி மோஷனைப் பழக்குவது, எல்லாமே பாடம். கூட இருக்கும் குடும்பத்துக்கும் அதே பாடம். வார்டில் எல்லாரும் இதைப் பேசும்போது, கேட்பவருக்கும் வெட்கம் போய்விடும், சொல்பவருக்கும் போய்விடும். டாக்டரே வீல்சேரில் வரும் வார்டில் அந்த வெட்கத்துக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

ஊருக்குப் போனவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதையும் சிஎம்சி விட்டுவிடவில்லை. பழைய நோயாளிகள் திரும்ப வந்து, பரிசோதனை செய்துகொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிப் போகும் ரீஹேப் மேளா அங்கே பல வருடங்களாக நடக்கிறது.

மேரி பத்மஸ்ரீ வாங்கிய அதே 1972இல் இந்தத் துறையையே மாற்றிய ஒரு கட்டுரை அமெரிக்காவில் வந்தது. எழுதியவர் ஜாக் லாபிடஸ் என்ற சிறுநீரகவியல் டாக்டர். சிறுநீர்ப்பையைக் காலி செய்ய ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமி நீக்கம் தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான கத்தீட்டரும் போதும், பை ரொம்ப நிரம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்று காட்டினார். பொதுவாக நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நோயாளி தானே செய்துகொள்ளலாம். எப்போதும் டியூபோடு படுத்திருக்க வேண்டாம். மருத்துவமனை பக்கத்தில் இல்லாத ஊர்களுக்கு இதன் மதிப்பு தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வால்பாறையில் இப்போது?

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. அதனால் அந்த லைன் வீட்டுக்குப் போகும் இளம் பிசியோ கற்பனை ஆள் இல்லை. போகும்போது கையில் ஒரு நோட்டு இருந்தால் நல்லது. குடித்த தண்ணீர் எவ்வளவு, யூரின் எத்தனை மணிக்கு, எவ்வளவு, நடுவில் கசிந்ததா என்று மூன்று நாள் குறித்து வைக்கச் சொன்னாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதே வீட்டில் இன்னொரு நோயாளி இருக்க வாய்ப்பிருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள், சிறுநீரை அடக்குவார்கள். பிரசவத்துக்குப் பிறகு சரியாக ஓய்வெடுக்காமல் சரிவில் மூட்டை சுமந்தவர்கள், இருமினால் கசியுது, அடி இறங்கின மாதிரி இருக்கு என்று சொல்லத் தயங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். நரம்பு நல்லா இருக்கும்போது இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இதில் பலருக்கு நன்றாகவே உதவும். ஆனால் பயிற்சியை வாயால் சொல்லிவிட்டு வந்தால் பத்தாது. 1991இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்ட பெண்களில் சுமார் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் உள்ளிழுப்பதற்குப் பதிலாக, கசிவை அதிகமாக்கும் விதத்தில் செய்துகொண்டிருந்தார்.

எனவே அனுமதி கேட்டு, கதவைச் சாத்தி, கூட ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, தசை சரியாகச் சுருங்குகிறதா என்று பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்தாக வேண்டும். லைன் வீட்டில் பெரும்பாலும் தனி அறை இருக்காது. ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரமாகப் பார்த்துப் போறது நல்லது. ஆனால் அந்த நேரத்தில் அந்த அம்மாவும் தேயிலைக் காட்டில்தான் இருப்பார்.