பனிப்பாறையும் ஒரு பட்டறைதான்!



போன வருஷம் என்.எஸ்.எஸ். முகாமில் நடந்த கூத்து நம்மில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி முழுக்க மழை. காலையில் டீ போட வேண்டும். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. தெர்மல் இன்ஜினியரிங்கில் நல்ல மார்க் வாங்கிய ஒன்பது பேர் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊதினோம், ஊதினோம்... புகைதான் வந்தது! டீ கிடைக்கும்போது மணி பத்தரை.

என் அப்பா லாரி டிரைவர். மழையிலும் ரோட்டோரம் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்தே இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் நார்வே நாட்டு ஃபிரித்யோஃப் நான்சென் வாழ்க்கையைப் படித்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நான்சென் 1861-ல் கிறிஸ்டியானியா, அதாவது இன்றைய ஓஸ்லோ நகருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். அப்பா வக்கீல். அம்மா அடிலெய்ட் பெரிய இடத்துப் பெண். ஆனாலும் வீட்டு வேலையை எல்லாம் தானே இழுத்துப் போட்டுச் செய்வார். பிள்ளைகளுக்குத் துணி தைப்பதும் அவரே. பெண்கள் பனிச்சறுக்குக் கட்டையில் ஏறுவதை ஊரே முகம் சுளித்துப் பார்த்த காலத்தில், அவர் ஏறிக் காட்டினார். சின்னப் பையன் நான்செனின் உதட்டில் ஒருநாள் தூண்டில் முள் குத்தி மாட்டிக்கொண்டது. அம்மா பதறவில்லை. சவரக்கத்தியை எடுத்துக் கீறி முள்ளை வெளியே எடுத்துவிட்டார்! காட்டுக்கும் பனிக்கும் பயப்படாத பிள்ளை அந்த வீட்டில்தான் வளர்ந்தது. அவருக்குப் பதினைந்து வயதாகும்போது அம்மா இறந்துபோனார்.

கல்லூரியில் அவர் படித்தது விலங்கியல். இன்ஜினியரிங் இல்லை! ஆனால் 1888-ல் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு கிரீன்லாந்தின் பனி மேட்டைக் குறுக்கே கடந்தார். அதுவரை யாரும் செய்யாத காரியம். ஆள் இல்லாத கிழக்குக் கரையில் தொடங்கி, ஊர் இருக்கும் மேற்குக் கரைக்கு நடந்தார். திரும்பிப் போக வழியே கிடையாது, முன்னால் போனால்தான் சோறு! உள்ளே ராத்திரிக் குளிர் மைனஸ் 45 டிகிரி வரை போனது. அந்தப் பயணத்தில் கொண்டுபோன உலர்ந்த இறைச்சியில் கொழுப்பு இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டும் கொழுப்புக்காக எல்லோரும் ஏங்கிப் போனார்கள். அந்தத் தப்பை அடுத்த பயணத்தில் அவர் விடவில்லை.

அவர் செய்த அடுப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நடுவில் சமைக்கும் பாத்திரம். அதைச் சுற்றி வளையம் போல இன்னொரு பாத்திரம். மேலே பனிக்கட்டி உருக ஒன்று. எல்லாவற்றையும் மூடி ஒரு உறை. ஒரு பாத்திரத்தைத் தாண்டிப் போகும் சூட்டை அடுத்தது பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் மிச்சமானால் இழுக்க வேண்டிய சுமை குறையும், சுமை குறைந்தால் இன்னும் தூரம் போகலாம். நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் வெப்பத் திறன் அங்கே உயிர்ப் பிரச்சினை!

1889-ல் ஏவா சார்ஸ் என்ற பாடகியை மணந்தார். அவரும் கணவரைப் போலவே பனிச்சறுக்கில் கெட்டிக்காரர். அடுத்து, வட துருவத்துக்குப் போக நான்சென் ஒரு யோசனை சொன்னார். கப்பலைப் பனியில் வேண்டுமென்றே மாட்டவிட்டால், பனியின் ஓட்டமே அதை இழுத்துக்கொண்டு போகுமாம்! பெரிய பெரிய நிபுணர்களே கேலி செய்தார்கள். காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் வடிவமைத்துக் கொடுத்தார். தேங்காய் மூடி போல உருண்ட அடிப்பாகம். பனி நெருக்கினால் கப்பல் நொறுங்காமல் மேலே எழும்பும். சுக்கானையும் புரொப்பல்லரையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். காற்றாடியில் டைனமோ ஓட்டி மின்விளக்கு எரித்தார்கள்! 1892-ல் ஃப்ராம் என்று பெயர் சூட்டி அதைத் தண்ணீரில் இறக்கிவைத்தவர் ஏவா. ஃப்ராம் என்றால் முன்னே என்று பொருள்.

1893 ஜூன் மாதம் பதின்மூன்று பேரோடு கப்பல் புறப்பட்டது. மகள் லிவ் பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

கப்பல் துருவத்துக்கு நேராகப் போகவில்லை. 1895 மார்ச்சில் நான்செனும் ஜோஹான்சென் என்பவரும் 28 நாய்களோடு இறங்கி நடந்தார்கள். 86 டிகிரி 14 நிமிஷம் வரை எட்டினார்கள். அதுவரை மனிதன் போன தூரத்தில் அதுதான் அதிகம். திரும்பும் வழியில் ஒருநாள் இருவருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட, எங்கே நிற்கிறோம் என்பதே சந்தேகமாகிவிட்டது. குளிர்காலம் முழுக்கக் கல்லும் பாசியும் வால்ரஸ் தோலும் வைத்துக் கட்டிய குடிசையில், கரடி இறைச்சி தின்று, ஒரே தூக்கப்பைக்குள் படுத்து ஓட்டினார்கள். அத்தனை நாளும் ஒருவரை ஒருவர் நீங்கள் போட்டே பேசிவந்தவர்கள், அந்த வருஷக் கடைசி ராத்திரியில்தான் நீ என்று கூப்பிட்டுக்கொண்டார்களாம்! 1896-ல் ஊர் திரும்பினார்கள். நான்சென் கப்பலை விட்டு இறங்கியபோது இருந்ததைவிடச் சுமார் பத்துக் கிலோ எடை கூடியிருந்தார்! கப்பலும் அதே ஆகஸ்டில் பனியிலிருந்து விடுபட்டது. பதின்மூன்று பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அந்த மூன்று வருஷமும் ஏவா குழந்தையை வளர்த்துக்கொண்டு, மேடைகளில் பாடிக்கொண்டு காத்திருந்தார். அப்பா வீட்டுக்கு வந்தபோது லிவ் மூன்றரை வயதுக் குழந்தை. பிறகு இன்னும் நான்கு பிள்ளைகள். 1906-ல் நார்வேயின் தூதராக லண்டன் போனார். 1907 டிசம்பரில் ஏவாவுக்கு நிமோனியா. சேதி கேட்டுப் புறப்பட்ட நான்சென் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. 1913-ல் கடைக்குட்டி மகனையும் பறிகொடுத்தார்.

முதல் உலகப்போருக்குப் பிறகு சர்வதேச சங்கத்தின் சார்பில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நாடிழந்த அகதிகளுக்கு அவர் முயற்சியால் கிடைத்த அடையாளச் சீட்டுதான் நான்சென் பாஸ்போர்ட். 1922-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1930-ல் தன் வீட்டிலேயே காலமானார்.

இத்தனையும் அப்பாவிடம் சொன்னேன். கப்பல், அடுப்பு, நோபல் பரிசு எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த அம்மா போகும்போது கடைசியாக முகம் பார்க்க முடியவில்லையா என்று. இல்லை என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. தங்கச்சி பிறந்தபோது அப்பா நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கொல்லைப்புறம் கூப்பிட்டு, நனைந்த விறகைப் பிளந்து காட்டினார். மேலேதான் ஈரம், நடுக்கட்டை காய்ந்தே இருந்தது. அதைச் சிராய் சிராயாகச் சீவி அடியில் வைத்தார். இரண்டே குச்சியில் பற்றிக்கொண்டது!

நண்பர்களே, டிப்ளமோ கையில் வந்ததும் நாமும் திசைக்கு ஒருவராகப் போகத்தான் போகிறோம். அதற்குள் வீட்டில் இருக்கும் கைத்தொழிலைக் கற்றுக்கொள்வோம், வீட்டில் இருப்பவர்களோடும் கொஞ்சம் உட்காருவோம். இந்த லீவில் நான் அப்பாவோடு லாரியில் ஒரு நடை போகிறேன். அடுப்பு என் பொறுப்பு!

– இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவன்