மறைப் பின்னூட்டலைக் கண்டறிந்த ஹரோல்ட் பிளக் (1898 - 1983)

வானொலி, ஒலிபெருக்கி, தொலைபேசி ஆகியவற்றில் தெளிவான குரலைக் கேட்கின்றீர்கள். சிறிய சைகையைப் பெரிதாக்கும் விரியலாக்கி இவை எல்லாவற்றிலும் உண்டு. பெரிதாக்கும்போது குரல் கெடாமற் காக்கும் வழியைக் கண்டறிந்தவரின் வரலாற்றை இப்பகுதியிற் கற்போம்.

பிறப்பும் கல்வியும்

ஹரோல்ட் ஸ்ரீபன் பிளக் 1898ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள லெமின்ஸ்ரர் நகரிற் பிறந்தார். வூஸ்ரர் பல்தொழினுட்ப நிறுவகத்தில் மின்பொறியியல் கற்று 1921இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே வெஸ்ரேண் இலெக்ரிக் நிறுவனத்திற் சேர்ந்தார். அதன் ஆய்வுப் பிரிவு 1925இல் பெல் தொலைபேசி ஆய்கூடமாயிற்று.

எதிர்கொண்ட பிரச்சினை

நெடுந்தூரம் செல்லும் தொலைபேசிச் சைகை வழியில் நலிவடையும். ஆகவே இடையிடையே வால்வு விரியலாக்கிகள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு விரியலாக்கியும் சைகையைச் சிறிது திரித்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல விரியலாக்கிகளைக் கடந்தபோது திரிபும் சேர்ந்து பெருகியது. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்பினால் அவை ஒன்றோடொன்று கலந்தன.

1923இல் சார்ள்ஸ் ஸ்ரெயின்மெற்ஸ் என்னும் பொறியியலாளரின் சொற்பொழிவைக் கேட்ட பிளக், பிரச்சினையை அடிப்படையிலிருந்து நோக்கத் தொடங்கினார். பயப்பைப் பெய்ப்பின் அளவுக்குக் குறைத்து, பெய்ப்பைக் கழித்தால் திரிபு மட்டும் எஞ்சும். அதனை வேறொரு விரியலாக்கியாற் பெருக்கிப் பயப்பிலிருந்து நீக்கலாம் என எண்ணினார். ஆய்கூடத்தில் அது வெற்றி தந்தது. ஆயினும் அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருந்ததால் நடைமுறைக்கு ஒவ்வவில்லை. நான்கு ஆண்டுகள் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

படகில் உதித்த எண்ணம்

1927 ஓகஸ்ட் 2ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்ல ஹட்சன் ஆற்றைப் பயணிகள் படகிற் கடந்துகொண்டிருந்தார். அப்பொழுது விடை தோன்றியது. கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைத் தாளிலேயே வரைபடத்தையும் சமன்பாட்டையும் குறித்தார். பயப்பின் ஒரு பகுதியைப் பெய்ப்புக்கு எதிராகத் திருப்பி ஊட்டுவதே அவ்வெண்ணம். இதுவே மறைப் பின்னூட்டல் எனப்படும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். விரியலாக்கியின் நயம் 100 000 எனவும், திருப்பி ஊட்டும் பங்கு 1/100 எனவும் கொள்க.

முழு நயம் = 100 000 ÷ (1 + 1000) = 99.9

வால்வு பழுதடைந்து நயம் 50 000 ஆகக் குறைந்தால்,

முழு நயம் = 50 000 ÷ (1 + 500) = 99.8

உள்ளே நயம் பாதியாகக் குறைந்தும், வெளியே ஏறத்தாழ மாற்றமில்லை. பெரும் நயத்தை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுகின்றோம். அதே ஆண்டு டிசெம்பர் 29இல் நடந்த சோதனையில் திரிபு 100 000 மடங்கு குறைந்தது.

எதிர்ப்பும் வெற்றியும்

பாடுபட்டுப் பெற்ற நயத்தை வீணாக்குவதா எனப் பலர் ஐயுற்றனர். 1928இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1937 டிசெம்பரிலேயே கிடைத்தது. பிரித்தானிய அலுவலகமோ இயங்கும் மாதிரியைக் கேட்டது. நியூ ஜேர்சியின் மொறிஸ்ரவுணில் 70 விரியலாக்கிகள் இயங்கிய செய்தியே அவர்களின் ஐயத்தைத் தீர்த்தது.

எனினும் ஓர் ஆபத்து இருந்தது. திரும்பி வரும் சைகை சற்றுத் தாமதிக்கும். மீடிறன் கூடக் கூட, அத்தாமதம் அலையின் பெரிய பங்காகும். அரை அலை பின்தங்கினால், கழிக்கப்பட வேண்டியது கூட்டப்படும். அவ்வேளை சைகை போதிய அளவு குறைந்திராவிடின், விரியலாக்கி தானாகவே அலைந்து ஊளையிடும். இதைத் தவிர்க்கும் நிபந்தனையை, பெல் ஆய்கூடத்தில் அவருடன் பணியாற்றிய ஹரி நைக்குவிஸ்ற் 1932இல் வெளியிட்டார்.

இன்றைய பயன்

இன்று ஒலிக் கருவிகளிலுள்ள செயற்பாட்டு விரியலாக்கி ஐ.சி.கள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. அதிவேக ஐ.சி.களில் ஆபத்தும் அதிகம். ஆதலாற் கம்பிகளைக் குறுக்குதல், மின்வழங்கல் முனைகளுக்கு அருகே கொள்ளளவி பொருத்துதல், நீண்ட வடத்தை இணைக்கும்போது பயப்பிற் சிறு தடையியைச் சேர்த்தல் என்பன அவசியமாகும்.

பிளக் 1963இல் பெல் ஆய்கூடத்திலிருந்து ஓய்வுபெற்று, 1983 டிசெம்பரிற் காலமானார். மாணவர்களே, தோற்ற முயற்சியின் பின்னரே அவருக்கு அந்தக் காலைப்பொழுது வாய்த்தது என்பதை மனத்திற் கொள்ளுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. மறைப் பின்னூட்டல் என்றால் என்ன?
2. பிளக்கின் முதல் முயற்சி நடைமுறைக்கு ஒவ்வாமைக்குக் காரணம் யாது?
3. நயம் 20 000, திருப்பி ஊட்டும் பங்கு 1/100 எனின், முழு நயத்தைக் காண்க. (விடை: 99.5)
4. உயர் மீடிறனில் விரியலாக்கி ஊளையிடுவதற்கான காரணத்தை விளக்குக.