தோற்பையில் இருந்த கடிதம்

சிறுவர் கதைகளால் உலகை வயப்படுத்திய ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன், 1805ஆம் ஆண்டு டென்மார்க்கின் ஒடென்சே நகரிலே, செருப்புத் தைக்கும் ஏழையொருவரின் மகனாகப் பிறந்தார். தம் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்த 1830ஆம் ஆண்டுக் கோடையில், போபோர்க் என்னும் சிற்றூரிலே உடன்பயின்ற நண்பரின் இல்லஞ் சென்றார். ஆங்கு நண்பரின் உடன்பிறந்தாளாகிய றிபோர்க் வொய்ற்றைக் கண்டு உள்ளம் இழந்தார். அவளோ வேறொருவருக்கு உறுதிசெய்யப்பட்டவள். மேடையேறி நடிக்கவுந் துணிந்த அவ்விளைஞர், காதலை வாய்விட்டுரைக்க நாணிக் கடிதத்தில் வரைந்தார். அவள் விடைபெற்று விலகினாள். 1831இல் அவள் மணமும் நிகழ்ந்தது.

இத்தகைய ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்பர் நம் இலக்கண நூலார். அது நெஞ்சைக் கசப்பித்தலும் உண்டு, கனிவித்தலும் உண்டு. அண்டர்சன் அவ்வாண்டே ஜேர்மனிக்குச் சென்று பயணநூல் எழுதினார். 1835இல் அவருடைய முதற் கதைகள் வெளிவந்தன. பின்னாளிலே, பந்தைக் காதலித்து ஏற்கப்படாத பம்பரமொன்றின் கதையையும் புனைந்தார். மாணவர்க்கு அதனைச் சொல்லுந்தோறும், அவர்கள் நகைக்குமிடத்தே எனக்கு நெஞ்சு கனக்கும்.

1875இல் அவர் மறைந்தபோது, மார்பிலே ஒரு தோற்பை கிடந்தது. அதனுள் றிபோர்க்கின் பழைய கடிதம். நண்பரொருவர் அதனைப் படியாமலே எரித்தார். அதுவே முறையென்பேன். உலகுக்கென எழுதியவற்றை அவர் உலகுக்கு ஈந்துவிட்டார். அஃதொன்று அவருக்கே உரியது.