பிள்ளைப்பேற்றுப் பேராசான் லட்சுமணசாமி முதலியார்

மைசூரில் பயிலும் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஆர்க்காடு ராமசாமி முதலியாரின் பெயர் புதிதன்று. 1946 முதல் 1949 வரை மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் அவர். அவரே கடைசித் திவானும் ஆவார். அவருடன் இரட்டையராகப் பிறந்த தம்பி லட்சுமணசாமி முதலியாரைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன். அண்ணன் அரசவையில் புகழ் பெற்றார். தம்பியின் புகழ் பிரசவ அறையில் தொடங்கியது.

1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் கர்நூலில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இருவரும் பிறந்தனர். அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தனர். பின்னர் லட்சுமணசாமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகப்பேற்று மருத்துவத்தைத் தம் துறையாகக் கொண்டார். எழும்பூர் அரசு மகளிர் மருத்துவமனையில் பணியாற்றி, அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1939இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. மகப்பேறு பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய பாடநூல், பின்னாளில் முதலியார், மேனன் என்னும் இருவர் பெயரால் வழங்கி, தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர் கைகளில் தவழ்ந்து வருகிறது.

ஒரு பாடநூலுக்கு இத்தனை பெருமையா என்று நண்பர்கள் கேட்கலாம். அத்துறையில் ஆசிரியரின் பொறுப்பு எத்தகையது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். குழந்தையின் தலை வெளிவந்த பிறகு, தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்வதுண்டு. அந்நேரம் பதறிப்போய்த் தலையைப் பிடித்து வலிந்து இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புகள் நீண்டு நைந்துபோகும். சில வேளை அறுந்தும்விடும். குழந்தையின் கை அசைவின்றித் தொங்கும். பிரெஞ்சு மருத்துவர் டூஷென் 1872இலும், ஜெர்மானியர் எர்ப் 1874இலும் இக்கேட்டை விளக்கி எழுதினர். பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தேறிவிடுகின்றன. தேறாதவர்களுக்கோ வாழ்நாள் முழுதும் ஒரு கை குறைதான்.

எவரிடம் இவ்வாபத்து மிகுதி? குழந்தை மிகப் பருமனாய் இருத்தல், தாய்க்கு நீரிழிவு அல்லது மிகுந்த உடற்பருமன் இருத்தல், முந்தைய பேற்றில் தோள் சிக்கியிருத்தல், ஆயுதம் இட்டு எடுத்தல், தலைக்கு மாறாகப் பிட்டம் முன்வருதல் ஆகியவற்றை நூல்கள் எடுத்துரைக்கின்றன. ஆயினும் இவற்றுள் ஒன்றும் இல்லாத தாய்க்கும் இது நேர்கிறது. முன்கூட்டியே முற்றும் அறிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பேற்றிலும் அருகில் நிற்பவர் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். இழுப்பதை நிறுத்தி, தாயின் தொடைகளை வயிற்றை நோக்கி மடக்கி, அடிவயிற்று எலும்புக்கு மேல் அழுத்தினால் பெரும்பாலும் தோள் விடுபடும். சில நிமிடங்களுக்குள் செய்ய வேண்டிய வேலை இது. அப்போது ஏட்டைப் புரட்ட நேரம் ஏது? முன்பே கற்ற கைதான் காப்பாற்றும்.

அத்தகைய கைகளைப் பழக்கிய பேராசிரியர், 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1961இல் உலக சுகாதார மன்றத்துக்குத் தலைவரானார். 1974இல் மறைந்தார்.

இங்குச் செலுவாம்பா மருத்துவமனையில் பயிற்சி பெறும் நம் தோழர்கள் பலர். பட்டமும் பதவியும் அவருக்குப் பின்னால் வந்தவை. பிரசவ அறையில் பெற்ற பயிற்சியே முதலில் வந்தது. அந்த வரிசையை நம் தோழர்கள் மறவாதிருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.